எந்தத் தெரு தம்பி?

பாபநாசம் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. மத்தியானம் சாப்பாடு, ராத்திரி பரோட்டாவும் பிரியாணியும். போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுக்கிறார்கள். கொண்டுபோய்க் கொடுக்க மூன்று பையன்கள், மூன்று பைக். வேறொரு கட்டுரைக்கு விவரம் சேகரிக்கப் போயிருந்த நான், கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்தேன். 'ராத்திரி 8 மணிக்கு மேல் டெலிவரி கிடையாது' என்று மேலே எழுதியிருந்தது. கீழே நான்கு இடங்களின் பெயர்.

முதல் இடம் ஏன் என்று கேட்டேன். வாய்க்கால் கரை ரோடு. தடுப்புச் சுவர் கிடையாது, விளக்கும் எரியாது. போன சம்பா அறுவடையில் ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் வண்டி வழுக்கி, ஒரு பையனுக்குக் கை முறிந்தது. இரண்டாவது இடம் டாஸ்மாக் முக்கு. அங்கே ஒரு தடவை வண்டியை மறித்துப் பணப்பையைப் பிடுங்கியிருக்கிறார்கள். ரெண்டும் நியாயமான காரணம்தான்.

மூன்றாவதும் நான்காவதும்?

பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார். "அங்கல்லாம் எப்பவுமே போறதில்லீங்க." ஏதாவது நடந்ததா என்றேன். "ஒண்ணும் நடக்கல. ஆனா ரிஸ்க் எதுக்கு?"

அந்த இரண்டும் ஆதிதிராவிடர் குடியிருப்புகள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கை முறிந்த பையனின் ஆஸ்பத்திரிச் செலவைத் தன் கையிலிருந்து கொடுத்தவர். பையன்களின் உயிர் மேல் அவருக்கு இருக்கும் அக்கறை நிஜம். அந்த அக்கறையும் பழைய வழக்கமும் ஒரே தாளில், ஒரே பேனாவில், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன என்பதுதான் பிரச்சினை. ரெண்டுக்கும் 'ரிஸ்க்' என்று ஒரே பெயர். அந்தத் தாளை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று இந்த மாதம் பார்க்கலாம். கடைக்காரருக்கு மட்டுமல்ல, செல்போனில் சாப்பாடு வரவழைக்கிற உங்களுக்கும், சாப்பாடு கொண்டு வருகிற தம்பிக்கும் இதில் வேலை இருக்கிறது.

மூன்று கேள்விகள்

அதே கடையின் இன்னொரு பையன் ராஜகிரிக்காரர், இஸ்லாமியர். அவர் சொன்னதையும் கேளுங்க. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் வழி கேட்க வாடிக்கையாளருக்குப் போன் போடுவார். சில பேர் வழி சொல்லும் முன்னால் கேட்பார்களாம்: "பேரு என்ன தம்பி?" சொன்னதும், "எந்த ஊரு?" அதையும் சொன்னதும், "எந்தத் தெரு தம்பி?"

சோறு கொண்டு வருகிறவன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்று தெரிந்தால்தான் இறங்குமா? நம்ம ஊரில் தெருவைக் கேட்டால் மற்றதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். ரெண்டு தடவை, "வேற ஆள்கிட்ட குடுத்து அனுப்புங்க" என்று கடைக்குப் போன் வந்திருக்கிறது. முதலாளி ஒரு தடவை ஆளை மாற்றி அனுப்பினார். இன்னொரு தடவை, "ஆள் இல்லீங்க, வேணும்னா வாங்கிக்கோங்க" என்று வைத்துவிட்டார். வாங்கிக்கொண்டார்களாம்.

ஆக, பாகுபாடு ரெண்டு பக்கமும் ஓடுகிறது. ஒன்று, 'அந்தத் தெருவுக்குப் போகாதே.' இன்னொன்று, 'அந்தத் தெருப் பையன் வராதே.' முதலாவதில் நஷ்டம் சாப்பாடு கேட்டவருக்கு, இரண்டாவதில் அதைச் சுமந்து வந்தவருக்கு.

'கடை' என்றால் என்ன? அம்பேத்கர் சொன்ன பதில்

அரசியலமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் இருக்கலாம். அதன் இரண்டாவது உட்பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் போன்றவற்றில் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, இது அரசாங்கத்தை மட்டும் கட்டுப்படுத்தும் பிரிவு அல்ல. தனியார் கடைக்கும் பொருந்தும்.

சரி, வீட்டு வாசலுக்கு வந்து கொடுக்கிற சேவை 'கடை' ஆகுமா? டெலிவரி ஆப் எல்லாம் கற்பனையில்கூட இல்லாத காலத்திலேயே இதே மாதிரியான கேள்வி எழுந்துவிட்டது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. சலவைத் தொழிலாளி, முடிதிருத்துபவர் போன்றோரின் சேவையும் 'கடை' என்ற சொல்லுக்குள் வருமா என்று கேட்கப்பட்டது. அம்பேத்கரின் பதில் தெளிவாக இருந்தது. 'கடை' என்பதைக் குறுகிய பொருளில் எடுக்கக் கூடாது, பேசிக்கொண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தன் சேவையை வழங்க முன்வருகிற எவரும் அதில் அடக்கம். 2011-ல் ஒரு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விவாதத்தை எடுத்துக்காட்டி, 'கடை' என்ற சொல்லை விரிந்த பொருளில்தான் படிக்க வேண்டும் என்றது.

அரசியலமைப்பு உரிமையைச் சொல்கிறது. தண்டனையைச் சொல்வது குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955. அதன் 6-வது பிரிவு நம் விஷயத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். வழக்கமான வியாபாரத்தில் மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் ஒரு பொருளை விற்கிறோமோ, சேவையைச் செய்கிறோமோ, அதே மாதிரி ஒருவருக்குச் செய்யத் தீண்டாமை காரணமாக மறுத்தால் அது குற்றம். தண்டனை ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். (அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்காதீங்க. ஒரு மாதச் சிறை சிரிக்கிற விஷயம் இல்லை.)

இதே சட்டத்தின் 12-வது பிரிவைக் கடைக்காரர்கள் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, தீண்டாமை காரணமாகத்தான் அது நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அதாவது, 'பாதுகாப்புக்காகத்தான் போகவில்லை' என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது. 'எப்பவுமே போறதில்லீங்க' என்பது அங்கே பதில் ஆகாது. எந்தத் தேதியில், எந்த ரோட்டில், என்ன நடந்தது என்று எழுதி வைத்த கடைக்காரருக்குத்தான் பதில் இருக்கும்.

அந்தக் கடைத் தாளில் முதல் ரெண்டு வரிகளைக் காப்பாற்றக்கூடியதும், அடுத்த ரெண்டு வரிகளைக் காப்பாற்ற முடியாததும் இதே பிரிவுதான்.

பீட்சாவும் ஒரு பேரனும்

நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு பீட்சா கொண்டுபோக மாட்டோம் என்று கடைகள் சொல்லிவந்தது பெரிய சர்ச்சை. அவர்கள் சொன்ன காரணமும் டிரைவரின் பாதுகாப்புதான். அது முழுப் பொய்யும் இல்லை. டெலிவரிக்குப் போன பையன்கள் அங்கே கொள்ளையடிக்கப்பட்டதும் சுடப்பட்டதும் உண்டு.

சான்பிரான்சிஸ்கோ நகர மன்ற உறுப்பினராக இருந்த வில்லி கென்னடி என்ற பெண்மணியின் பேரன் பீட்சா கேட்டபோது, அந்தப் பகுதிக்கு வர முடியாது என்று மறுக்கப்பட்டது. 1996-ல் அவர் முயற்சியில் அந்த நகரம் ஒரு சட்டம் போட்டது. ஒரு கடை வழக்கமாக டெலிவரி செய்கிற எல்லைக்குள் இருக்கும் எந்தப் பகுதியையும் ஒதுக்கக் கூடாது. அதே சட்டத்தில் விலக்கும் வைத்தார்கள். குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் டிரைவருக்கு ஆபத்து வரும் என்று நேர்மையாகவும் நியாயமான காரணத்தோடும் நம்பினால் மறுக்கலாம். டிரைவர் சங்கங்களின் பயத்துக்கு அந்த விலக்கு பதில். குடியிருப்பவர்களின் கோபத்துக்குச் சட்டமே பதில்.

2000-ல் டோமினோஸ் நிறுவனமும் அமெரிக்க நீதித் துறையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. டெலிவரியைக் குறைக்க வேண்டுமானால் அந்த இடத்தின் குற்றங்கள் பற்றிய நம்பகமான விவரத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவை அவ்வப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

'மறுபடி பார்க்க வேண்டும்' என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் பாபநாசத்துத் தாளில் தேதியே இல்லை. எப்போது ஒட்டியது என்று கேட்டதற்கு முதலாளிக்கே ஞாபகம் வரவில்லை.

உடுப்பின் நிறம்

இப்போது வாசலின் இந்தப் பக்கத்துக்கு வருவோம். சாப்பாட்டோடு வந்து நிற்கிறவரின் கதை.

2019 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் ஒருவர், சாப்பாடு கொண்டு வருபவர் இந்து அல்ல என்று சொல்லி சொமேட்டோ ஆர்டரை ரத்து செய்தார். ஆளை மாற்ற மாட்டோம், உணவுக்கு மதம் இல்லை என்று நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. 2022-ல் ஹைதராபாத்தில், இஸ்லாமியர் கொண்டுவரக் கூடாது என்று ஒரு வாடிக்கையாளர் ஸ்விக்கி ஆர்டரின் குறிப்புப் பெட்டியில் எழுதியது வெளியே வந்தது. 'காரம் குறைவாகப் போடவும்' என்று எழுதுகிற பெட்டி அது. அதே ஆண்டு ஜூனில் லக்னோவில், பெயரையும் சாதியையும் கேட்டுவிட்டு, தலித் தொட்ட சாப்பாடு வேண்டாம் என்று சொல்லி முகத்தில் துப்பி அடித்தார்கள் என்று ஒரு டெலிவரி ஊழியர் போலீசில் புகார் கொடுத்தார். எதிர்த்தரப்பு அதை மறுத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

நாம் அதிகம் யோசிக்க வேண்டிய சம்பவம் 2024 மார்ச் மாதத்துடையது. அதில் யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. சைவ வாடிக்கையாளர்களுக்காகத் தனி டெலிவரி அணி, அவர்களுக்குப் பச்சை உடுப்பு, பச்சைப் பெட்டி என்று சொமேட்டோ மார்ச் 19 அன்று அறிவித்தது. சாம்பார் கொட்டினால் பெட்டியில் வாசம் நிற்கும், அசைவம் கொட்டினாலும் அப்படித்தான், அதனால் தனித்தனியாக வைக்கிறோம் என்பது மாதிரியான சாதாரண விளக்கம்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

அடுத்த நாளே பச்சை உடுப்பைத் திரும்பப் பெற்றார்கள். எல்லாருக்கும் பழையபடி சிவப்பு. காரணத்தை நிறுவனமே சொன்னது: சிவப்பு உடுப்போடு வருகிறவரை அசைவம் கொண்டு வருபவர் என்று முடிவு கட்டி, சில குடியிருப்புகள் உள்ளே விடாமல் தடுக்கலாம், அவர்கள் உடலுக்கே ஆபத்து வரலாம், வாடிக்கையாளருக்கும் வீட்டு உரிமையாளரோடு சிக்கல் வரலாம்.

பாகுபாடு ஒரு பக்கம், ஊழியரின் பாதுகாப்பு இன்னொரு பக்கம் என்று தராசு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் ஒரு விஷயத்தைக் காட்டியது. ஊழியரைப் பிரித்து அடையாளம் காட்டினாலே அவர் பாதுகாப்பு போய்விடும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம் நடந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்ததை 1941-ல்தான் எடுத்தார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை பற்றி உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்க. சில ஊர்களில் அவ்வளவு பின்னால் போக வேண்டியதே இல்லை.

பெயர் தெரிய வேண்டுமா?

ஆப்பில் ஆர்டர் போட்டதும் வருகிறவரின் பெயரும் போட்டோவும் வரும். அது எதற்கு? வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண், கதவைத் திறக்கும் முன் வந்திருப்பது அவர்தானா என்று பார்க்க. இது நிஜமான தேவை. ஆனால் மதத்தைக் கண்டுபிடிப்பதும் அதே பெயரை வைத்துத்தான். பெயரை மறைத்தால் அந்தப் பெண்ணுக்குப் பயம், காட்டினால் ராஜகிரித் தம்பிக்குக் கஷ்டம்.

இதற்குக் கச்சிதமான தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று கவனிக்கலாம். கதவைத் திறக்க வேண்டுமா என்று முடிவு செய்யப் போட்டோவும் ஓடிபியும் போதும். வண்டி எண் தெரிந்தால் இன்னும் நல்லது. அப்பா பெயரோ தெருப் பெயரோ எதற்கும் தேவையில்லை. சொந்தமாக டெலிவரி நடத்தும் சின்னக் கடைக்காரர்கள் ஒரு போட்டோ அட்டையும் 'பையன் எண் 2' என்ற அடையாளமும் கொடுத்தால், வாடிக்கையாளருக்குப் பாதுகாப்புக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

தெருவின் பெயரே சாதியைச் சொல்கிற சங்கடமும் இருக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், தெருக்கள், நீர்நிலைகளுக்கு இருக்கும் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. செல்போன் மேப்பில் இன்னும் பழைய பெயர் நின்றால், மேப்பிலேயே 'திருத்தம் பரிந்துரை' வசதி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

தாளை எப்படி எழுதுவது?

கடை வைத்திருப்பவர்களுக்கு இது. கடைக்காரர் இல்லாதவர்களும் படிங்க, பிறகு கேள்வி கேட்க உதவும்.

ஆபத்து எப்போதும் ஓர் இடத்தில், ஒரு நேரத்தில், ஒரு காரணத்தோடு இருக்கும். 'குடமுருட்டிக் கரை ரோடு, பாலத்திலிருந்து இவ்வளவு தூரம், விளக்கு இல்லை, ராத்திரி 8 மணிக்கு மேல்' என்று எழுத முடிந்தால் அது ஆபத்து. 'அந்தத் தெரு ஆளுங்க' என்றுதான் எழுத வருகிறது என்றால் அது வேறு. டெல்டாவில் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் நிஜ ஆபத்துகளின் பட்டியல் நீளமாகவே வரும். தை, மாசியில் ரோட்டில் காயும் நெல், அதைச் சுற்றி வைத்த கல். அறுவடை மெஷின் விட்டுப்போன சேறு. நாய். ஐப்பசி மழையில் ரோடும் வாய்க்காலும் ஒரே மட்டமாகத் தெரியும் வளைவுகள். இவை எதுவும் தெருவில் குடியிருப்பவரின் சாதி பார்த்து வருவதில்லை.

அப்படி ஒரு ரோடு ஆபத்து என்றால், அந்த ரோட்டு வழியாகப் போக வேண்டிய எல்லா வீட்டுக்கும் அது பொருந்த வேண்டும். வாய்க்கால் கரையைத் தாண்டி இருக்கும் மிராசுதார் வீட்டுக்கு ராத்திரி 10 மணிக்கும் பிரியாணி போகிறது, பக்கத்துக் குடியிருப்புக்குப் போகாது என்றால், உங்கள் பாதுகாப்புக் காரணம் அங்கேயே விழுந்துவிட்டது.

முழுசாக மறுக்கும் முன்னால் நடுவழி ஏதாவது உண்டா என்று பாருங்க. விளக்கு இருக்கும் ரேஷன் கடை வாசலில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். முன்பணத்தை ஆன்லைனில் வாங்கினால் பையன் கையில் ரொக்கம் இருக்காது, பிடுங்க ஒன்றும் இருக்காது. ராத்திரியில் ரெண்டு பேராக அனுப்பலாம். தாளில் தேதி போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்க. கூடவே ஒரு நோட்டில், என்ன நடந்தது என்று பையன்களையே எழுதச் சொல்லுங்க. 12-வது பிரிவின் முன்னால் உங்களுக்குப் பேசப் போவது அந்த நோட்டுதான்.

விளக்கு எரியாததற்குப் பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், அல்லது 1100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 'முதல்வரின் முகவரி' திட்டத்தின் எண் அது. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்க.

போக முடியாது என்று பையன் சொன்னால் அவன் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்க. அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்பவன் அவன்தான். ஆனால் காரணம் கேளுங்க. 'குடிச்சிட்டு நாலு பேர் நிக்கிறாங்க' என்பது காரணம். பெரிய ஆப்களில் ஆர்டரை மறுத்தால் ரேட்டிங் விழும், வருமானம் குறையும் என்ற பயத்தில் ஆபத்தான இடத்துக்கும் பையன்கள் போய்விடுகிறார்கள். மழையில் கரை ரோட்டில் போகிறவனுக்கு அபராதப் பயம் இருக்கக் கூடாது. இதை நிறுவனங்கள்தான் சரி செய்ய வேண்டும்.

உங்கள் தெருவுக்கு வர மறுத்தால்

முதலில் எழுத்தில் கேளுங்க. வாட்ஸ்அப்பிலோ ஆப்பின் சாட்டிலோ, "எந்தக் காரணத்துக்காக வர முடியாது?" என்று ஒரே வரி. பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. பக்கத்துத் தெருவுக்கு அதே நேரத்தில் வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்க.

ஆப் நிறுவனமாக இருந்தால் 2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் உங்களுக்குத் துணை. ஒரே வகை நுகர்வோருக்குள் பாகுபாடு காட்டக் கூடாது, இஷ்டத்துக்கு வகை பிரிக்கக் கூடாது என்கின்றன அவை. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அது நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

சாதி காரணம் என்றால் காவல் நிலையத்துக்கே போகலாம். தேசிய வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் 14566 எந்த நேரமும் இயங்கும். இலவச சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலே அந்த உதவி உண்டு.

சாப்பாடு கொண்டு போகிறவராக இருந்தால்

வாசலில் சண்டை வேண்டாம். முதலில் அங்கிருந்து நகருங்க. ஆபத்து என்றால் 112. வழியை மறித்து நிறுத்தினால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவில் வரும் குற்றம்.

நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருந்து, அதைச் சேராத ஒருவர் பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். 2016 ஜனவரி முதல் அமலில் உள்ள திருத்தத்தில், பொது இடத்தில் பைக் ஓட்டவிடாமல் தடுப்பதும், மற்றவர்கள் செய்கிற ஒரு தொழிலையோ வேலையையோ செய்யவிடாமல் தடுப்பதும் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. விசாரிப்பவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும்.

மதத்துக்காக மறுக்கப்பட்டவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒரு வாடிக்கையாளர், "உன் கையால் வேண்டாம்" என்று ஆர்டரை ரத்து செய்வதற்கு மட்டும் நேரடியாகத் தண்டனை சொல்லும் தனிச் சட்டம் இல்லை. மிரட்டல், அடி, மத வெறுப்பைத் தூண்டும் பேச்சு என்று போனால் வழக்கு உண்டு. வெறும் மறுப்பில் உங்களைக் காப்பாற்ற வேண்டியது நிறுவனம்தான். ஆளை மாற்ற மறுப்பது, போன தூரத்துக்கான கூலியை உங்களுக்குக் கொடுப்பது, அந்த வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பாமல் இருப்பது என்று அது செய்யக்கூடியவை உண்டு. அதையும் எழுத்தில் கேளுங்க.

இன்னொரு வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்க. 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது. 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் தொழிலாளர் துறையின் நல வாரிய இணையதளத்தில் செல்போனிலேயே பதியலாம். கட்டணம் இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ, வேலைக்கான ஆதாரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்க. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, திருமணம், மகப்பேறு போன்ற நலத்திட்டங்கள் பதிவு செய்தவர்களுக்குத்தான். பதிவில் சந்தேகம் இருந்தால் தஞ்சாவூரில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தைக் கேளுங்க. கை முறிந்த அந்தப் பையன் அதுவரை எதிலும் பதிந்திருக்கவில்லை.

மறுபடியும் அந்தத் தாள்

சட்டப் பிரிவுகளை எல்லாம் எழுதிக்கொண்டு மூன்று வாரம் கழித்து அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி முதலில் கொஞ்சம் கோபப்பட்டார். "நான் யாரையும் கேவலமா நடத்தினதே கிடையாதுங்க" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். நேரில் கடைக்கு வருகிற எல்லாரும் ஒரே டேபிளில்தான் சாப்பிடுகிறார்கள், பார்த்தேன். பிறகு 12-வது பிரிவைப் படித்துக் காட்டினேன். தாளைத் தானே கிழித்தார். புதுசாக ஒன்று எழுதினார், தேதி போட்டு. வாய்க்கால் கரை ரோடு இருக்கிறது, விளக்கு வரும் வரை. டாஸ்மாக் முக்கு வழியாகப் போகாமல் சுற்றுவழி எழுதியிருக்கிறார். மூன்றாவது இடத்தின் பெயர் இல்லை. நான்காவதைப் பற்றிக் கேட்டதற்கு, "ரோடு ரொம்ப மோசம், போய்ப் பாத்துட்டு எழுதறேன்" என்றார். நானும் போய்ப் பார்த்தேன். ரோடு மோசம்தான். வண்டி போகாத அளவுக்கு இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

போன வாரம் ராஜகிரித் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மூன்றாவது தெருவிலிருந்து ராத்திரி ஒன்பதே காலுக்கு முதல் ஆர்டராம். எட்டு பரோட்டா, ரெண்டு சிக்கன் பிரியாணி, சால்னா தனியாக. யாரும் பெயர் கேட்கவில்லையாம். சால்னா போதாது, இன்னொரு பாக்கெட் தந்திருக்கலாம் என்று மட்டும் திட்டினார்களாம்.